பருவுக்கு ஆன்டிபயாடிக்: எத்தனை மாதம், எப்படிப் போடுவது, எப்போது நிறுத்துவது

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: வயது 22. கன்னத்திலும் முதுகிலும் சீழ் வைத்த பருக்கள். போன வருடம் மருந்துக்கடையில் கொடுத்த அசித்ரோமைசின் 500-ஐ வாரத்துக்கு மூன்று நாள் போட்டீர்கள், முகம் தெளிந்தது, நிறுத்தியதும் பழையபடி வந்துவிட்டது. இப்போது டாக்டரிடம் போனதில் டாக்சிசைக்ளின் 100 மி.கி. தினம் ஒன்று, கூடவே இரவில் தடவ ஒரு ஜெல் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆறு வாரமாகக் கேப்சூலை மட்டும் போடுகிறீர்கள், ஜெல் எரிகிறது என்று ஓரங்கட்டிவிட்டீர்கள். வயிறு வேறு எரிகிறது. வீட்டில் 'கிட்னி போயிடும்' என்று பயமுறுத்துகிறார்கள். இதைத் தொடரலாமா, எத்தனை மாதம் வரை பயமில்லை, மிச்சம் இருப்பதைத் தங்கைக்குக் கொடுக்கலாமா என்பது கேள்வி. கிட்னியைப் பற்றிக் கேட்டிருந்தாலும், நிறுத்தினால் திரும்பி வருகிறதே, அப்படியானால் வருடக்கணக்கில் சாப்பிட வேண்டியதுதானா என்ற கவலைதான் உள்ளே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தோல் மருத்துவர், பல வருடங்களாகப் பருவோடு வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஆனால் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, அதனால் உங்கள் டாக்டர் எழுதியதை மாற்றச் சொல்ல மாட்டேன். அந்தச் சீட்டை எப்படிப் புரிந்துகொள்வது, எதில் கவனம் வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பரு ஏன் வருகிறது என்று பார்த்தால் ஆன்டிபயாடிக்கின் எல்லை தானாகத் தெரிந்துவிடும். மயிர்க்கால் வாயில் செத்த செல்கள் சேர்ந்து அடைப்பு உண்டாகிறது, பின்னால் எண்ணெய்ச் சுரப்பி சுரந்துகொண்டே இருக்கிறது, தேங்கிய எண்ணெயில் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்ற பாக்டீரியா பெருகுகிறது, உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போடும்போது சிவந்து, வீங்கி, சீழ் வைக்கிறது. (பழைய டாக்டர்கள் இதே கிருமியை ப்ரோபியோனி பாக்டீரியம் என்பார்கள், பெயர் மாறி ரொம்ப நாள் ஆகவில்லை.) இந்த நான்கில் டாக்சிசைக்ளின் கடைசி இரண்டில்தான் வேலை செய்கிறது: கிருமியைக் குறைக்கும், வீக்கத்தை நேரடியாகவும் தணிக்கும். அடைப்பை எடுக்காது, எண்ணெய் சுரப்பதை நிறுத்தாது. அதனால்தான் மாத்திரையை மட்டும் போட்டு நிறுத்தியவருக்குப் பரு திரும்புகிறது. உங்களுக்குப் போன வருடம் நடந்ததும் அதுவேதான், உங்கள் உடம்பில் தனியாகக் கோளாறு எதுவும் இருக்க வேண்டியதில்லை.

அடைப்பை எடுக்கிற வேலை நீங்கள் ஓரங்கட்டிய ஜெல்லுடையது. ஜெல்லின் பெயரை நீங்கள் எழுதவில்லை. இரவில் தடவச் சொன்னதையும் எரிச்சலையும் வைத்துப் பார்த்தால் அடாபலீனாகவோ, அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் சேர்ந்ததாகவோ இருக்கலாம். டியூபைத் திருப்பிப் பாருங்கள். அப்படியானால் உங்கள் சிகிச்சையில் முக்கியமான மருந்து அந்த டியூபில்தான் இருக்கிறது, கேப்சூல் முதல் சில மாதங்களுக்குத் துணைக்கு வருவது. எங்கள் துறையில் இதில் கருத்து வேறுபாடே இல்லை. இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சரி, அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் 2024-ல் வெளியிட்டதும் சரி, பருவுக்கு ஆன்டிபயாடிக் மாத்திரையைத் தனியாகக் கொடுக்காதே என்றுதான் சொல்கின்றன. குறிப்பாகப் பென்சாயில் பெராக்சைடு கூட இருந்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் தலையெடுப்பது குறைகிறது, ஏனென்றால் அது கிருமியை ஆக்சிஜனால் கொல்கிறது, அதற்கு எதிர்ப்புச் சக்தி வளர்வதில்லை.

எரிச்சலுக்கு வழி இருக்கிறது. பெரும்பாலானவர்கள் ராத்திரி முகம் கழுவின ஈரத்தோடு, பருவின் தலையில் மட்டும், நிறைய அப்புகிறார்கள். அது எரியத்தான் செய்யும். முகத்தைக் கழுவித் துடைத்து நன்றாகக் காயவிட்டு, மெலிதாக மாய்ஸ்சரைசர் போட்டு, அதற்கு மேல் முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு ஜெல்லை எடுத்துப் பரப்ப வேண்டும். கண் ஓரம், மூக்கு மடிப்பு, உதட்டு ஓரம் வேண்டாம். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் தினமும். முதல் சில வாரங்கள் கொஞ்சம் தோல் உரியும், சிலருக்குப் பரு கூடினாற்போலவும் தெரியும், பயந்து விடாதீர்கள். பென்சாயில் பெராக்சைடு இருந்தால் தலையணை உறை, துண்டு, நல்ல சட்டைக் காலர் எல்லாம் வெளுத்துப்போகும், பழைய வெள்ளைத் துணியாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டதால் அம்மாவிடம் திட்டு வாங்கி ஜெல்லையே நிறுத்தியவர்கள் உண்டு. ஒருவேளை டியூபில் கிளிண்டாமைசின் மட்டும் இருந்தால் அதுவும் ஆன்டிபயாடிக்தான். வாயில் ஒரு ஆன்டிபயாடிக், முகத்தில் இன்னொன்று என்று இரண்டும் சேர்ந்து போவதை நாங்கள் விரும்புவதில்லை, அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் இதைக் கேளுங்கள்.

எத்தனை மாதம்? ஆறு வாரத்தில் பாதி தெளிந்திருந்தாலே நல்ல பலன், அதற்கு முன்னால் தீர்ப்பு சொல்ல முடியாது. மூன்று மாதம், அதாவது 12 வாரம் ஆனதும் டாக்டரைப் பார்த்து, தெளிந்திருந்தால் கேப்சூலை நிறுத்தி ஜெல்லை மட்டும் தொடர்வது வழக்கம். கொஞ்சம் மிச்சம் இருந்தால் நான்கு மாதம் வரை இழுப்போம். ஆறு மாதத்தைத் தாண்டுவது விதிவிலக்கு. மூன்று மாதத்தில் அசையவே இல்லை என்றால் அதே மாத்திரையை நீட்டுவதில் அர்த்தமில்லை, வேறு வழிக்குப் போக வேண்டும். மாத்திரை தொடங்குகிற அன்றைக்கே நிறுத்துகிற தேதியையும் சீட்டில் எழுதிவிடுவது என் பழக்கம், உங்கள் சீட்டில் இல்லையென்றால் நீங்களே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டாக்சிசைக்ளினை நிறுத்தும்போது டோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டியதில்லை. ஜெல் மட்டும் கூடவே ஒரு வருடமாவது போக வேண்டியிருக்கும். நிறுத்தினால் வருகிறது என்ற உங்கள் கவலைக்குப் பதில் அந்த ஜெல்தான்.

இந்த மூன்று மாதக் கணக்கு எப்படி வந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் போட்டவர்களையும் ஐந்து மாதம் போட்டவர்களையும் பக்கத்தில் வைத்து நன்றாக ஒப்பிட்டு எடுத்த எண் இல்லை இது. பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகிறது, கிருமிகளின் எதிர்ப்பு எப்போது தலைதூக்குகிறது என்பதை வைத்து நிபுணர்கள் கூடிப் பேசி ஒத்துக்கொண்ட எல்லை. அதனால் நான்காவது மாதம் ஒரு வாரம் கூடிவிட்டதே என்று யாரும் தூக்கம் தொலைக்க வேண்டாம். ஆனால் டாக்டரைப் பார்க்காமல் அதே பழைய சீட்டைக் காட்டிக் காட்டி ஒரு வருடம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்களே, நான் பேசுவது அவர்களைப் பற்றி.

அசித்ரோமைசினுக்கு வருவோம். பருவுக்கு அது வேலை செய்யாது என்று இல்லை. டாக்சிசைக்ளின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் தேவைப்பட்டால் யோசித்துக் கொடுப்போம். ஆனால் கடையில் முதல் மருந்தாக எடுத்துக் கொடுப்பதற்கு நான் எதிரி, காரணம் டைபாய்டு. சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை மருந்துகள் நம் ஊர் டைபாய்டுக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. வீட்டிலிருந்தே வாயால் சாப்பிட்டுக் குணமாக மிச்சமிருக்கிற நல்ல மருந்துகளில் அசித்ரோமைசின் முக்கியமானது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-ல் தொடங்கிய டைபாய்டுப் பரவலில், நம்பிக் கொடுக்க வாய்வழி மருந்தாக மிஞ்சியது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் ஊசி. அப்படிப்பட்ட மருந்தை முகத்துக்காக வாரத்துக்கு மூன்று நாள், மாதக்கணக்கில், கூட ஜெல்லும் இல்லாமல் போடுவது சரியான செலவு இல்லை. போதாக்குறைக்கு, பருக் கிருமிகளே இந்த வகை மருந்துகளுக்கு அடங்காமல் போவது டாக்சிசைக்ளினைவிட அதிகம். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் வேறு கவனமாக இருக்க வேண்டும். டாக்சிசைக்ளினும் லேசான மருந்தில்லை, நம் பக்கம் மழைக்காலத்தில் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் அதுதான் கை கொடுக்கிறது. அட்டையின் பின்பக்கம் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதற்கான அடையாளம் அது.

வயிற்றெரிச்சல் விஷயத்துக்கு நீங்கள் எந்த நேரத்தில் எப்படிப் போடுகிறீர்கள் என்பது தெரிய வேண்டும், இருந்தாலும் ஊகிக்க முடிகிறது. கல்லூரி மாணவர் ஒருவர் நெஞ்சு நடுவில் குத்துகிறது, எச்சில் விழுங்கினாலே உயிர் போகிறது என்று ராத்திரியோடு ராத்திரியாக அவசரப் பிரிவுக்குப் போய், மாரடைப்போ என்று ஈசிஜி எல்லாம் எடுத்துவிட்டு மறுநாள் என்னிடம் வந்தார். ஈசிஜியில் ஒன்றுமில்லை. விசாரித்தால், முந்தின இரவு கட்டிலில் படுத்துக்கொண்டு போன் பார்த்தபடியே கேப்சூலை வாயில் போட்டு, பாட்டிலில் அடியில் கிடந்த ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கி, அப்படியே தூங்கியிருக்கிறார். கேப்சூல் உணவுக்குழாயில் ஒட்டிக் கரைந்து அங்கேயே புண்ணாக்கிவிட்டது. டாக்சிசைக்ளின் இதற்குப் பேர்போனது. ஆகவே உட்கார்ந்தோ நின்றோ, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரில் விழுங்குங்கள், அதற்கப்புறம் குறைந்தது அரைமணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் படுக்காதீர்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், காலை டிபனுக்கு அப்புறம் போடுவது நல்லது.

உணவோடு போட்டால் மருந்து ஏறாதே என்று கேட்பார்கள். அது டாக்சிசைக்ளினின் இனத்திலேயே பழைய மருந்தான டெட்ராசைக்ளினுக்கு ரொம்பப் பொருந்தும். டாக்சிசைக்ளினைச் சாப்பாட்டோடோ பாலோடோ எடுத்தால் உறிஞ்சப்படுவது 20% போலக் குறையும், பருவைப் பொறுத்தவரை அதனால் பெரிய நஷ்டமில்லை. ஆனாலும் பால், தயிர், பால் சேர்த்த காபி இதையெல்லாம் அதே நேரத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள், கேப்சூலைப் பாலில் விழுங்காதீர்கள். மதியம் தயிர்சாதம் தாராளமாகச் சாப்பிடலாம். நிஜமான எதிரிகள் இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, துத்தநாகம், அப்புறம் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஆன்டாசிட் திரவம். இவை டாக்சிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு ரத்தத்துக்குப் போகவிடாது. இதில் ஒரு வேடிக்கை நடக்கும்: கேப்சூலால் வயிறு எரிகிறது என்று ஆன்டாசிட் குடிப்பார்கள், மருந்து ஏறாது, பரு அடங்கவில்லை என்று டோஸைக் கூட்டச் சொல்லி வருவார்கள். எரிச்சல் இருந்தால் முதலில் தண்ணீரையும் உணவையும் சரி செய்யுங்கள், அப்படியும் அடங்காவிட்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்று உண்டு.

வெயில் இன்னொன்று. டாக்சிசைக்ளின் போடுகிறவர்களுக்கு வெயில் சீக்கிரம் சுடும், அளவு கூடக் கூட அதிகமாகச் சுடும். பைக் ஓட்டுகிறவர்களுக்குக் கைப்புறம், மூக்கு, கழுத்தின் பின்பக்கம் சிவந்து எரிவதைச் சித்திரை வைகாசியில் நிறையப் பார்க்கலாம். சிலருக்கு நகம் சதையிலிருந்து கழன்று வலிக்கும், அதையும் வெயிலும் இந்த மருந்தும் சேர்ந்துதான் செய்கின்றன. முழுக்கைச் சட்டை, சன்ஸ்கிரீன், மதிய வெயிலைத் தவிர்ப்பது. சன்ஸ்கிரீன் வெள்ளைக்காரர்களுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். நம் நிறத்தில் பரு ஆறிய இடத்தில் கருப்புத் தழும்பு நிற்பதே பெரிய தொல்லை, வெயில் அதை இன்னும் கறுக்கடிக்கும். அந்தக் கருமைக்கும் பள்ளத்துக்கும் ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். புதிதாகப் பரு வருவதில்லை, தழும்புதான் இருக்கிறது என்றால் கேப்சூலுக்கு இனி அங்கே வேலையில்லை.

சரி, கிட்னி. டாக்சிசைக்ளின் பெரும்பகுதி குடல் வழியாகவும் வெளியேறிவிடுகிறது, கிட்னி பழுதானவர்களுக்கே பொதுவாக டோஸைக் குறைக்காமல் கொடுக்கக்கூடிய மருந்து அது. 22 வயதில், வேறு நோய் இல்லாதவருக்கு மூன்று மாதம் போட்டு கிட்னி போகும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஈரல் பாதிப்பு மிக அரிது. ஆரோக்கியமானவருக்கு டாக்சிசைக்ளினுக்காக மாதாமாதம் ரத்தப் பரிசோதனை தேவையில்லை. காலாவதியான பழைய அட்டையை மட்டும் தொடாதீர்கள், கெட்டுப்போன டெட்ராசைக்ளினால் சிறுநீரகம் பாதித்த கதை மருத்துவத்தில் உண்டு, வீட்டில் உலவுகிற பயத்துக்கு வேர் அங்கேகூட இருக்கலாம்.

நீங்கள் பயப்பட வேண்டியது வேறு சிலவற்றுக்கு. புதிதாக விடாத தலைவலி, அதோடு பார்வை மங்குவது, இரண்டாகத் தெரிவது, காதுக்குள் நாடித்துடிப்போடு சேர்ந்து இரைவது: தலைக்குள் அழுத்தம் கூடுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கிற விஷயமில்லை. இதே காரணத்தால்தான் கடுமையான பருவுக்குக் கொடுக்கிற ஐசோட்ரெட்டினாயின் என்ற மருந்தையும் டாக்சிசைக்ளினையும் ஒன்றாகப் போடக்கூடாது, நண்பர் கொடுத்தார் என்று பக்கத்தில் இன்னொரு கேப்சூல் ஆரம்பிக்காதீர்கள். காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு, முகம் அல்லது உதடு வீங்குவது, மூச்சுத் திணறல், கண் மஞ்சளாவது, தண்ணீராக நிற்காமல் போகும் பேதி, விழுங்கும்போது நெஞ்சுவலி, இவற்றுக்கும் அதே பதில்தான்.

டாக்சிசைக்ளினின் இனத்தைச் சேர்ந்த இன்னொரு மருந்தான மினோசைக்ளினுக்குத்தான் பவர் அதிகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. காக்ரேன் அமைப்பு 2012-ல் ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்ததில் அது மற்றவற்றைவிட மேல் என்பதற்கு நம்பகமான ஆதாரம் கிடைக்கவில்லை. தலைசுற்றல், தோல் நீலச் சாம்பலாக மாறுவது, அரிதாக லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குவது) போன்ற நோய், ஈரல் அழற்சி என்று தொல்லைகள் மட்டும் டாக்சிசைக்ளினைவிடக் கூடுதல். நான் அதை எழுதுவது குறைவு.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. கேப்சூலோடு சேர்த்தே லாக்டோபேசில்லஸ் என்ற குடலுக்கு நல்ல பாக்டீரியாவை வைத்து விற்கிறார்கள், பருவுக்கு மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்கு அது எவ்வளவு உதவுகிறது என்பதற்குப் பலமான சான்று இல்லை, கெடுதலும் தெரியவில்லை. நீண்டகால டெட்ராசைக்ளின் வகைக்கும் குடல் அழற்சி நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில இல்லை என்கின்றன. குடும்பத்தில் அந்த நோய் இருந்தால் டாக்டரிடம் சொல்லி வையுங்கள், மற்றவர்கள் இதற்காக மாத்திரையை மறுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. குறைந்த அளவு டாக்சிசைக்ளின், கிருமியைத் தொடாமல் வீக்கத்தை மட்டும் அடக்கும் அளவு, ரோசேசியா என்ற வேறு நோய்க்கு நன்றாகவே வேலை செய்கிறது. பருவுக்கு அதையே நம்பலாமா என்பதில் இன்னும் தெளிவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம், நீங்கள் முதுகையும் சொல்லியிருப்பதால். நெற்றியிலும் முதுகிலும் ஒரே அளவில், ஒரே மாதிரி, அரிக்கிற சின்னச் சின்னக் கொப்புளங்களாக இருந்தால் அது பருவே இல்லாமல் மலசீசியா என்ற பூஞ்சையாக இருக்கலாம், ஆன்டிபயாடிக் போடப் போட அது கூடும். ஜிம்மில் யாரோ கொடுத்த ஊசி, மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? ஸ்டீராய்டு கலந்த 'சிவப்பழகு' கிரீம் எப்போதாவது தடவினீர்களா? காசநோய்க்கோ வலிப்புக்கோ மருந்து சாப்பிடுகிறீர்களா? இவையெல்லாம் பருவைக் கிளப்பிவிடும், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை. ஆழத்தில் கல் மாதிரி வலிக்கிற கட்டிகளும் புதிதாகப் பள்ளத் தழும்பும் வந்துகொண்டிருந்தால் மூன்று மாதம்கூடக் காத்திருக்காமல் ஐசோட்ரெட்டினாயின் பற்றிப் பேசுங்கள், தழும்பு விழுந்த பிறகு சரி செய்வது கஷ்டம், காசும் அதிகம்.

தங்கைக்கு உங்கள் அட்டையிலிருந்து கொடுக்காதீர்கள். பெண்களுக்குத் தாடையோரம் பரு வந்து, மாதவிடாயும் தள்ளிப்போய், முகத்தில் முடியும் வளர்ந்தால் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குச் சிகிச்சையே வேறு திசை. அவர் ரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவராக இருக்கலாம். திருமணமானவரானால் கர்ப்பம் இருக்கிறதா என்று தெரியாமல் டாக்சிசைக்ளின் கொடுக்கவே கூடாது, வயிற்றில் உள்ள குழந்தையின் பல்லையும் எலும்பையும் அது பிடிக்கும். உங்கள் ஜெல் அடாபலீனாக இருந்தால் அதுவும் கர்ப்பத்தில் ஆகாது. வயதை நீங்கள் சொல்லவில்லை, பல் இன்னும் முளைத்துக்கொண்டிருக்கும் சின்னப் பிள்ளை என்றால் எட்டு வயதுக்குள் இந்த மருந்தைப் பருவுக்குத் தருவதே இல்லை, பல நாடுகளில் 12 வரை தள்ளிப்போடுகிறார்கள். அவரைத் தனியாகக் காட்டி, தனிச் சீட்டு வாங்குங்கள். நீங்கள் இன்று ராத்திரியே அந்த ஜெல்லை எடுத்து, பட்டாணி அளவில் ஆரம்பியுங்கள், இன்னும் ஆறு வாரத்துக்குத் தேதி குறித்து டாக்டரிடம் போங்கள். போகும்போது இன்றைக்கு வெளிச்சத்தில் எடுத்த ஒரு போட்டோவும் கையில் இருக்கட்டும், தினமும் கண்ணாடியில் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரிவதில்லை.